காசு குடுத்து வேல செய்யப் போற பேராண்டிக்கு

வா பேராண்டி, வா. அந்தத் திண்ணையில உக்காராத, நூலு காயுது. இப்பிடி வா.

இன்னாடா இது சட்ட? மஞ்சக் கலர்ல, முதுகு பூரா இங்கிலீசு எழுதிக்கினு? பேத்தியக் கூப்ட்டுப் படிக்கச் சொன்னேன். உலகத்த மாத்தப் போறோம்னு எழுதியிருக்காம். நல்லது. மாத்து. வேணான்னு யாரு சொன்னா? போவசொல்ல தெருமுனையில அந்தக் கொழாய் சொட்டிக்கினே கீது பாரு, அத்த ஒரு திருவு திருவி மூடிட்டுப் போ.

உங்கப்பன் நேத்தே வந்து சொல்லிட்டான். காலேஜ் லீவுல ஆறு வாரம் ஆப்பிரிக்கா போறியாமே. கானா தேசம், குமாசின்னு ஒரு பட்டணம், அங்க சேவை. கேட்டதும் எனக்கு சந்தோசந்தான். அப்பால மெதுவா ஒன்னு சொன்னான். அதுலதான் நாடா என் கைய விட்டு நழுவிடுச்சு. அந்த சேவையைச் செய்யறதுக்கு நாமதான் பணம் கட்டணுமாமே? பிளேன் டிக்கெட்டு தனி, சோறு தனி, ஏற்பாடு பண்ற கம்பெனிக்குத் தனின்னான்.

அறுவது வருசமா இந்தத் தறிக்குழியில கால விட்டுக்கினு கீறேன். வேல செஞ்சா கூலின்னு கேள்விப்பட்டுக்கீறேன். வேலைய வாங்கிக்கினு கூலி குடுக்காதவனையும் பாத்துக்கீறேன். வேல செய்யறவனே கூலியும் குடுக்கற சங்கதி இப்பத்தான்டா கேக்கறேன். அவ்ளோ ஆசையா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே? இந்தக் குழிய மெழுவ ஆளு தேடிக்கினு கீறேன். கம்பெனிக்காரன் கேட்டதுல பாதி குடு, போதும். டீ என் செலவு.

சரி, அவன் குடுத்த தாளை எடு, பாக்கலாம். மொத வாரம் ஊரைப் புரிஞ்சிக்கறது. ரெண்டாவது வாரம் பள்ளிக்கூடச் செவுத்துக்குப் பெயிண்டு. மூணு, நாலு கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கறது. அஞ்சாவது வாரம் தலைமைப் பண்புப் பயிற்சி. ஆறாவது வாரம் அருவி, யானை, போட்டோ.

ஒரு வாரத்துல ஊரைப் புரிஞ்சிக்கப் போறியா? நான் இந்த மாகறல்ல பொறந்து எழுவத்தாறு வருசம் ஆவுது. எதுத்த வூட்டுக்காரன் இன்னாத்துக்கு எங்கூடப் பேசறதில்லன்னு எனக்கே இன்னும் புரியல.

பெயிண்டு அடிக்கப் போற. ஏன்டா, போன பொங்கலுக்கு உங்க வூட்டுக்கு வெள்ள அடிச்சது யாரு? ஆளு வெச்சான் உங்கப்பன். அப்போ நீ எங்க இருந்த? மாடியில போனுக்குள்ள இருந்த. குமாசியில மட்டும் பெயிண்டு அடிக்க ஆளு கெடையாதா? அவனுக்குப் பொண்டாட்டி புள்ள கெடையாதா? அவன் மூணு நாள் கூலிய நீ காசு குடுத்துப் புடுங்கப் போற. அடிச்ச அப்பால அவனையே கூப்ட்டு, நீ விட்ட திட்டெல்லாம் ராவோட ராவா பூசச் சொல்லுவாங்க. எனக்கு எப்பிடித் தெரியும்ங்கிறியா? நம்ம ஊருப் பள்ளிக்கூடத்துக்கு இப்பிடி ஒரு கூட்டம் வந்து அடிச்ச செவுத்துக்கு அப்பால பூசினவனே என் மச்சான்தான்டா.

அந்த தலைமைப் பண்பு சமாச்சாரம் இருக்குது பாரு, அது ரொம்ப ஷோக்கு. நம்ம ரோட்டுலயே தெக்கால போனா உத்திரமேரூரு. ஆயிரத்து நூறு வருசத்துக்கு முந்தி, பராந்தகச் சோழன் காலத்துல, ஊரு வாரியத்துக்கு எப்பிடி ஆளு எடுக்கறதுன்னு கல்லுல வெட்டி வெச்சிக்கீறாங்க. குடவோலை. 35 வயசுக்கு மேல இருக்கணும், 70க்குள்ள இருக்கணும். சொந்த வூடு இருக்கணும். முந்தி வாரியத்துல இருந்து கணக்கு காட்டாதவன் நிக்கக் கூடாது, அவன் சொந்தக்காரனும் நிக்கக் கூடாது. ஊருக்குக் கொளம் பாத்துக்கற வேலைக்கே 35 வயசு கேட்டுக்கீறான். நீ பத்தொம்பது வயசுல ஒரு தேசத்துக்கே தலைமை சொல்லிக் குடுக்கப் போற. இதுல போன வருசம் காலேஜ் விழாவுக்கு வசூல் பண்ண கணக்க இன்னும் காட்டலன்னு உன் தங்கச்சி சொல்லுது.

சிரிக்காத. நான் உன்ன வையல. வர்றவங்கள நெறய பாத்தவன்டா நான்.

1969-ல, காந்தி பொறந்து நூறாவது வருசத்துல, செப்டம்பர் 24-ந் தேதி நாட்டு நலப்பணித் திட்டம்னு ஆரம்பிச்சாங்க. மொதல்ல 37 யுனிவர்சிட்டி, 40,000 பசங்க. நான் இல்ல, நீதான்னு அதுக்கு வாசகம். நல்ல வாசகம். அப்பால அந்தப் பசங்க கிராமம் கிராமமா ஏழு நாள் முகாம் போட வந்தாங்க. நம்ம பக்கமும் வந்தாங்க. எந்தக் காலேஜுன்னு கேக்காத.

மொத நாளு பேனரு கட்டுவாங்க. அத்த கட்டவே மத்தியானம் ஆயிடும். அப்பால தொடப்பம் வரும். பத்துப் பேருக்கு நாலு தொடப்பம். ஒருத்தன் புடிப்பான், ஒருத்தன் போட்டோ எடுப்பான், மாத்திப் புடிப்பான், அவனுக்கு இவன் எடுப்பான். தெருவுல குப்ப கம்மியா இருந்துச்சுன்னா மொகம் வாடிப் போயிடும் பசங்களுக்கு. ஒரு தபா பாவமா இருந்துச்சுன்னு நம்ம வூட்டுக் கெழவி போயி, பெருக்கி வெச்சிருந்த குப்பையில ஒரு கூடைய எடுத்துத் தெருவுல கொட்டிட்டு வந்தா.

சர்வேன்னு ஒன்னு எடுப்பாங்க பாரு, அதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. வூட்டுல எத்தினி பேரு, கக்கூசு கீதா, எத்தினி மாடு? மொத வருசம் ஒழுங்காத்தான் சொன்னேன், ஒரே மாடுன்னு. அடுத்த வருசம் அதே தாளு, அதே கேள்வி. மூணு மாடுன்னேன். எழுதிக்கினாங்க. அதுக்கு அடுத்த வருசம் ஏழு மாடு, ஒரு ஒட்டகம்னேன். அந்தப் பொண்ணு தல நிமிராம, "ஒட்டகத்துக்குத் தனிக் கட்டம் இல்ல தாத்தா, மத்தவைன்னு போட்டுக்கறேன்"னுச்சு. எங்கியோ ஒரு பீரோவுல என் ஒட்டகம் இன்னும் கட்டிக் கெடக்குது.

எல்லாம் அப்பிடின்னு சொன்னா வாய் அழுவிப் போயிடும். ஒரு வருசம் வந்த கூட்டத்துக்கு வாத்தியாரு ஒரு விவசாயி வூட்டுப் புள்ள. பேனரச் சுருட்டி வண்டியிலயே வெச்சிட்டாரு. மொத நாளு பசங்கள ஒரு வேலையும் செய்ய விடல. ஆடு மேய்க்கிற கெழவிகிட்ட போயி, ஏரிக்குத் தண்ணி வர்ற கால்வா எங்க அடச்சிக்கினு கீதுன்னு கேட்டாரு. அவளுக்குத் தெரியாதா? தெனம் அதுமேல நடக்கறவ. அவ கைய காட்டின எடத்துல நாலு நாளு வெட்டினாங்க. பசங்க கையெல்லாம் கொப்புளம். அந்த ஐப்பசியில தண்ணி தடையில்லாம எறங்கிச்சு. போட்டோ ஒன்னு கூட இல்ல. அதனால அது நடக்கவே இல்லன்னு ஆபீசுல சொன்னாலும் சொல்லுவாங்க.

வெள்ளக்காரப் பசங்க சங்கதிக்கு வர்றேன். காஞ்சிபுரத்துக்குப் பட்டு பாக்க வராதவன் யாரு? ஒரு தபா ஒரு டிரஸ்ட்காரரு பத்துப் பன்னெண்டு காலேஜ் பசங்கள நம்ம தெருவுக்குக் கூட்டியாந்தாரு. நெசவாளிங்க வாழ்க்கைய நேர்ல அனுபவிக்கணுமாம். வாங்கன்னேன். நான் அனுபவிக்கிறது போதாதா, கூட நாலு பேரு வந்தா இன்னும் நல்லதுதானே?

அன்னிக்கித் தறியில கோர்வைப் பொடவ. அது இன்னான்னு உனக்கே தெரியாது, நீ ரெண்டாவது வருசம் இஞ்சினியரு. சொல்றேன் கேளு. கரையோட பாவு தனி, ஒடம்போட பாவு தனி, கலரும் தனி. மூணு நாடா ஓடும். ஒடம்பு ஊடையும் கர ஊடையும் சந்திக்கற எடத்துல ஒவ்வொரு தபாவும் ரெண்டையும் கோத்து வாங்கணும். ஒருத்தனால ஆவாது. பக்கத்துல ஒரு ஆளு உக்காந்து கர நாடாவத் தள்ளணும். அந்த எடத்துக்குத்தான் அந்தக் காலத்துல சின்னப் பசங்கள உக்கார வெச்சாங்க. நானும் அப்பிடித்தான் உக்காந்தேன், பள்ளிக்கூடப் பைய தூக்கிப் போட்டுட்டு. இப்போ அது கூடாதுன்னு ஆயிடுச்சு. கூடாதுதான். இப்போ கெழவி உக்கார்றா.

அந்தக் கூட்டத்துல பன மரம் மாதிரி ஒரு பையன். நான் ஒரு தபா ஓட்டிப் பாக்கறேன்னான். டிரஸ்ட்காரரு என்னப் பாத்து தலைய ஆட்டினாரு. அவன் காலு குழியில கொள்ளல. ஒரு மாதிரி மடக்கி உக்காந்து, மிதிய பாதி மிதிச்சு, பாவு சரியா வாயத் தொறக்கறதுக்கு முந்தியே நாடாவ வீசினான் பாரு. சரக்குன்னுச்சு. நூத்துக்கு மேல இழ. கூட வந்ததுங்கல்லாம் கை தட்டுதுங்க. அவன் கட்ட வெரலத் தூக்கிக் காட்டறான், போட்டோ எடுக்கறாங்க. வேன் போயிடுச்சு. நானும் கெழவியும் ஒவ்வொரு இழையாத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டு முடிக்கறப்போ ராத்திரி பத்து தாண்டிடுச்சு. ரெண்டு பேருக்கும் கண்ணு அந்த லட்சணம். போவசொல்ல அவன் எனக்கு ஒரு பேனா குடுத்துட்டுப் போனான். அதுவும் எழுதல.

மறுநாள் வாசல்ல ஒரு நெழலு. அதே கூட்டத்துப் பொண்ணு, தனியா. பாஷ கெடையாது. நான் இன்னா செய்யட்டும்னு கையால கேட்டுச்சு. கெழவி ராட்டினத்தக் காட்டினா. தார் சுத்தறது. நாடாவுக்குள்ள போடற ஊடைய சின்னக் கட்டையில சுத்தி வெக்கற வேல. பாத்தா ஒண்ணுமில்ல. மொத நாள் அது சுத்தினது பூராத்தையும் பிரிச்சி எறிஞ்சோம், அது கண்ணு முன்னாலயே. அழுவல. ரெண்டாவது நாளும் எறிஞ்சோம். மூணாவது நாள்ல இழ கொஞ்சம் சொன்ன பேச்சு கேட்டுச்சு. நாலாவது நாள் சுத்தின தார எடுத்து நாடாவுல போட்டு நானே ஓட்டினேன். ஆறு கஜத்துல ஒரு நாலு வெரக்கட அகலம் அவ சுத்தின நூலு. எந்தப் பொண்ணு அத்த முகூர்த்தத்துக்குக் கட்டினாளோ. அந்த வெள்ளக்காரப் பொண்ணு பேரு எனக்குத் தெரியாது. கெழவி அத்த தாரம்மான்னு சொல்லுவா.

வெள்ளக்காரன்ல வேல தெரிஞ்சவனும் வந்துக்கீறான். 1934-ல பீகார்ல பூகம்பம் வந்தப்போ, சுவிட்சர்லாந்துலர்ந்து பியர் செரெசோல்னு ஒரு இஞ்சினியரு வந்தாரு. 1937 வரைக்கும் வந்து வந்து முசாபர்பூர் பக்கம் இடிஞ்ச ஊருங்கள ஜனங்களோட சேந்து கட்டினாரு. மம்பட்டி புடிச்ச கை. சண்ட நடந்த ஊருல போயி இடிஞ்ச வூடு கட்டறதுன்னு 1920-லயே ஆரம்பிச்ச மனுசன். நீயும் இஞ்சினியருதான். மம்பட்டி புடிச்சிருக்கியா? தொட்டுப் பாத்திருக்கியா? போவட்டும் வுடு.

நம்ம கோயில் கதை தெரியுமில்ல? தலபுராணத்துல சொல்றது. தெனம் ஒரு பழம் காய்க்கிற பலா மரம் இங்க இருந்துச்சாம். அந்தப் பழத்தத் தலையில வெச்சிச் செதம்பரத்துக்குத் தூக்கினு போவணும், நடராசருக்கு. வூட்டுக்கு ஒரு பையன்னு மொற. ஒருத்தன் பாத்தான், இத்தினி கஷ்டமும் இந்த மரத்தாலதானேன்னு மரத்தையே கொளுத்திட்டான். ஒருத்தரையும் கேக்கல. உன்ன மாதிரி சுறுசுறுப்பு. அப்பால சோழராசா தங்க உடும்பு ஒன்னு ஓடறதப் பாத்துத் தொரத்தினாராம். அது புத்துக்குள்ள பூந்துக்குச்சு. ராசாவோட ஆளுங்க புத்த வெட்டினா ரத்தம். உள்ள பாத்தா சாமி. அதனாலதான் நம்ம மாகறலீசுவரரு உடும்பு வாலு கணக்கா கீறாரு. அந்த ஆளுங்க கெட்டவங்களா? இல்லியே. ராசா விசுவாசம். புத்துக்குள்ள இன்னா கீதுன்னு கேக்காம கடப்பாரைய எறக்கிட்டாங்க, அவ்ளோதான்.

குமாசியில இன்னா கீதுன்னு நான் கேட்டேன்டா. ரெண்டு ராத்திரி பேத்திய உக்கார வெச்சு போன்ல படிக்கச் சொல்லிக் கேட்டேன். நீ கேட்டியா? கேக்கல. மஞ்சக்காய்ச்சல் ஊசி ஒன்னு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுல போட்டுக்கின. அத்த போட்டாத்தான் உள்ளயே வுடுவான், அதனால. உங்கம்மா பருப்புப் பொடி கட்டிட்டா. அதோட உன் ஆராய்ச்சி முடிஞ்சிடுச்சு.

அங்க நீ எறங்கினதும் உன்ன ஒப்ரோனின்னு கூப்புடுவாங்க. வெள்ளக்காரன்னு அர்த்தமாம். நீ! இந்தக் கலருல! உன் பாட்டி மாப்பிள பாக்கறப்போ கறுப்பு கறுப்புன்னு மூக்க சுளிச்சாளே, அவ இத்த கேக்கணும். வெளிநாட்டுக்காரன்னாலே அங்க ஒப்ரோனிதான். ரோசப்படாத. நாமளும் பஞ்சாபி, மார்வாடி எவன் வந்தாலும் சேட்டுன்னுதானே கூப்புடறோம்?

அவங்களுக்குப் பொறந்த கெழமையில பேரு. நீ வெள்ளிக்கெழம பொறந்த, எனக்கு ஞாபகம் கீது, உங்கம்மாவ ஆட்டோவுல ஏத்தினது நான்தான். அதனால அங்க உன் பேரு கோஃபி. காபி இல்லடா, கோஃபி. ஐ.நா. சபைக்குப் பொதுச் செயலாளரா இருந்தாரே கோஃபி அன்னான், அவரும் வெள்ளிக்கெழம பொறந்தவருதான், 1938-ல, அதே குமாசியில. நீ தலைமைப் பண்பு சொல்லிக் குடுக்கப் போற ஊருல.

கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கப் போறியே, அங்க 1952-லர்ந்து இஞ்சினியர் காலேஜ் நடக்குது. இப்போ பெரிய யுனிவர்சிட்டி. சுவாமே மேகசின்னு ஒரு பேட்ட கீதாம் அந்த ஊருல, ஆயிரக்கணக்குல மெக்கானிக்குங்க. ஒடஞ்ச லாரிய ஒன்னுமில்லாம கழட்டிப் போட்டு, பார்ட்ஸ அங்கியே கடைஞ்சி, திரும்ப ஓட வுடுவாங்களாம். நீ போன மாசம் பைக்கு நின்னுடுச்சுன்னு ரோட்டோரமா உக்காந்து உங்கப்பனுக்கு போன் அடிச்ச. அங்க போயி ஒரு நாளு அந்தப் பேட்டையில ஓரமா நின்னு பாரு. சாவி எடுத்துக் குடுன்னா எடுத்துக் குடு.

சாப்பாட்டுக்கு பயப்படாத. ஃபூஃபூன்னு ஒன்னு, கெழங்க வேவ வெச்சு ஒரலுல இடிச்சு உருட்டி வெப்பாங்க. சோத்துக் கையால கிள்ளி, கொழம்புல தோச்சு, மெல்லாம முழுங்கணும். படிக்கறப்போ எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. நம்ம கேவுரு களிடா அது! நீதான் களின்னா மொகத்த திருப்பிக்கறவன். இங்க முழுங்கக் கத்துக்கினு இருந்தா அங்க மானம் காப்பாத்தியிருக்கும். பீச்சக் கையால குடுக்கறது வாங்கறது அங்கியும் மரியாத கெட்ட வேல. கேஜேஷியான்னு ஒரு சந்த, மேற்கு ஆப்பிரிக்காவுலயே பெரிய சந்தைங்கள்ல ஒன்னாம். ட்ரோட்ரோன்னு வேனு, அதுல ஒரு பையன் தொங்கிக்கினு ஊரு பேரக் கத்துவான், நம்ம ஷேர் ஆட்டோவுல கத்தற மாதிரியே. அந்த நெரிசல்ல மாட்டிக்கினு, அய்யோ இன்னா ஒழுங்கில்லாத ஊருன்னு போன்ல எழுதாத. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுல பொறந்து வளந்தவன் நீ.

சனிக்கெழம தெரு முழுக்க கறுப்பும் செவப்புமா துணி போர்த்திக்கினு ஜனம் போனா, மோளம் அடிச்சா, குதிச்சிடாத. அது சாவு. இங்க வந்த ஒரு வெள்ளக்காரப் பையன் அப்பிடித்தான், பற சத்தம் கேட்டதும் திருவிழான்னு நெனச்சி, பாடைக்கு முன்னால போயி நம்ம ஆளுங்களோட சேந்து ஆடினான். செத்தவரு மவன் இன்னா பண்ணுவான் பாவம்? மாலைய எடுத்து அவன் கழுத்துல போட்டான். அவன் அதுக்கும் சிரிச்சான்.

சரி, இப்போ எனக்குத் தூக்கம் வராத சமாச்சாரத்துக்கு வர்றேன். அந்த ஊரு ஜனங்க நெசவாளிங்கடா!

கென்டேன்னு ஒரு துணி. அகலம் நாலு அங்குலம்தான். தறி அவ்ளோ சின்னது. வெரலு இடுக்குல கயித்த மாட்டி காலாலயே இழுத்து நெய்வாங்களாம். எதுக்கால பாவ நீட்டமா வுட்டு, அந்தக் கோடியில ஒரு கல்லு பலக மேல பாரம். நெய்ய நெய்ய அது நவுந்து கிட்ட வரும். அப்பிடி பட்ட பட்டையா நெஞ்சு, பக்கத்துல பக்கத்துல வெச்சித் தெச்சி, ஆளு போர்த்திக்கற அளவுக்கு ஆக்கிடுவாங்க. தெச்சப்பறம் ஒவ்வொரு கட்டமும் அடுத்த பட்டையோட கட்டத்துல போயி உக்காரணும். நாலு அங்குலத்துல தப்புனா போர்வ முழுக்க கோணல். நம்ம கோர்வைக்கி அண்ணந்தம்பிடா அது. சிலந்திகிட்ட கத்துக்கினதா அவங்க சொல்றாங்க. நம்மளுதுல மார்க்கண்டேயரு தாமரத் தண்டு நூல்ல தேவருங்களுக்கு நெஞ்சாருன்னு சொல்றது. யாரு பொய் ஒசத்தின்னு நீயே பாத்துக்கோ.

1817-ல பௌடிச்னு ஒரு இங்கிலீசுக்காரன் அந்தப் பட்டணத்துக்குப் போயி, பாத்தத எழுதி 1819-ல புஸ்தகமா போட்டான். வெளிநாட்டுப் பட்டுத் துணிய வாங்கி, அத்த இழ இழையா பிரிச்சி, அந்த நூல்ல அவங்க துணி நெஞ்சாங்களாம். கேட்டியா? பிரிச்சி! நெஞ்ச பட்ட பிரிக்கறது இன்னா பாடுன்னு நெய்யறவன் வயித்துக்குத்தான் தெரியும். நாம கர்நாடகப் பட்டு, சூரத்து ஜரிகன்னு ஆடர் குடுத்துட்டு உக்காந்துக்கீறோம். நூலு கெடைக்காதவன் அடுத்தவன் துணிய அவுத்து தன் துணியா மாத்திக்கினான். அவங்களுக்கு நீ திறன் மேம்பாடு சொல்லிக் குடுக்கப் போற. அந்தத் தாள்ல அப்பிடித்தானே எழுதிக்கீது?

அதே இங்கிலீசுக்காரனுங்க 1874-ல படையோட வந்து ஊர கொளுத்திட்டு, ராசா வூட்டுத் தங்கத்த அள்ளினு போயிட்டானுங்க. 1900-ல கவர்னரு ஒருத்தன் வந்து, உங்க தங்க முக்காலிய எடுத்தாங்க, நான் உக்காரணும்னான். அந்த முக்காலியில அவங்க ராசாவே உக்கார மாட்டாரு. ஊரோட உசுரே அதுலதான்னு வெச்சிருக்கற சாமி அது. நம்ம கோயிலுக்குள்ள வந்து, அந்த உடும்பு வால கொஞ்சம் நவுத்திப் போடுங்க, கால் நீட்டணும்னு ஒருத்தன் கேட்டா எப்பிடி இருக்கும்? யா அசந்தேவான்னு ஒரு ராசாத்தி, வயசான அம்மா, ஜனத்த சேத்துக்கினு சண்டைக்கி எறங்கிட்டா. முக்காலி மட்டும் அவனுங்க கைக்கி சிக்கவே இல்ல.

அப்பால நடந்தத கேளு. 2024-ல லண்டன்ல கீற ரெண்டு மியூசியம் சேந்து 32 சாமானத்த குமாசிக்கு அனுப்பிச்சாங்க. திருப்பிக் குடுத்துட்டாங்கன்னா நெனைக்கற? கடன்டா, கடன்! மூணு வருசக் கடன். என் வூட்டுச் சொம்ப தூக்கினு போனவன், நூத்தம்பது வருசம் கழிச்சு, இந்தா மூணு நாளைக்கி வெச்சித் தண்ணி குடிச்சிட்டுப் பத்திரமா குடுன்னு எனக்கே நீட்டறான். இத்த படிச்சப்போ கெழவி மூணு தபா திரும்பப் படிக்கச் சொன்னா. நெசமாதான் அப்பிடி எழுதிக்கீதான்னு.

அமெரிக்காக்காரன் கொஞ்சம் புத்தியோட போனான். 1961 ஆகஸ்டு 30, அவங்க பீஸ் கோர்ப்ஸ்ல மொதல்ல கெளம்பின கூட்டம், அம்பது சொச்சம் பேரு, வாத்தியாருங்க, அதே கானா தேசத்து அக்ராவுல பிளேன வுட்டு எறங்கினாங்க. எறங்கின எடத்துலயே நின்னு அந்த ஊரு ட்வி பாஷையில ஒரு பாட்டு பாடினாங்களாம். மனப்பாடம் பண்ணியாவது வந்தான் பாரு. உனக்கு அந்தப் பாஷையில சாப்ட்டியான்னு கேக்கத் தெரியுமா? வா வான்னு அவங்க சொல்றது அக்வாபா. இந்தா, ஒன்னு இப்போ தெரிஞ்சிக்கின.

அது இன்னா மூட்ட? பழைய துணியா? ஏழப் புள்ளைங்களுக்குக் குடுக்கவா?

கீழ வெய்யி. வெய்யிடா. 2004-ல சுனாமி வந்தப்போ நாகப்பட்டணத்து ரோடெல்லாம் பழைய துணி குமிஞ்சி கெடந்துச்சு. ஊரு ஊரா லாரியில அனுப்பினது. கிழிஞ்சது, கற பட்டது, எல்லாம். வூட்டையும் புள்ளையையும் கடலுக்குக் குடுத்துட்டு நின்ன ஜனம் அத்த தொடல. தொடுமா? நீ போற தேசத்துல இந்த மாதிரி பழசு கப்பல் கப்பலா வந்து எறங்குது. அதுக்கு அவங்க வெச்சிருக்கற பேரு ஒப்ரோனி வாவு. செத்த வெள்ளக்காரன் துணின்னு அர்த்தம். இவ்ளோ நல்லா இருக்கறத உசுரோட இருக்கறவன் எவன் குடுப்பான், செத்தவன் துணியாத்தான் இருக்கும்னு வெச்ச பேரு. அவங்க ஊரு மில்லுங்க நொடிச்சுப் போனதுக்கு இந்த எறக்குமதியும் ஒரு காரணம். நெசவாளி வூட்டுல பொறந்துட்டு இன்னொரு நெசவாளி ஊருக்கு செத்தவன் துணி தூக்கினு போவாத. அந்த மூட்டைய இங்கியே வுட்டுட்டுப் போ, தறி தொடைக்க ஆவும்.

எனக்கு இன்னா வாங்கியாறட்டும்னு கேட்டியே, சொல்றேன். குமாசிக்கி வடகிழக்கால பத்துப் பன்னெண்டு மைல்ல பொன்வீரேன்னு ஒரு கிராமம். தறிக்காரங்க ஊரு. நமக்கு மாகறல் மாதிரின்னு வெச்சுக்கோ. ஆறு வாரத்துல ஒரு நாளு அங்க போ. மஞ்சச் சட்ட போடாம போ. தறிய ஓட்டிப் பாக்கறேன்னு மட்டும் கேக்காத. ஒரே ஒரு பட்ட, நாலு அங்குலம், அவரு சொல்ற வெலைக்கி வாங்கு. பேரம் பேசின, இங்க வந்தா ஒத படுவ.

அப்பிடியே ஒரு வார்த்த கேட்டுக்கினு வா. பாவுல இழ அறுந்தா ரெண்டு நுனியையும் திரிக்கறதுக்கு நாங்க வெரலுல சாம்பல் தொட்டுக்குவோம். இல்லன்னா பட்டு வழுக்கும். அவங்க இன்னாத்த தொடறாங்க? சாம்பலா, மாவா, எச்சியா? இத்த மட்டும் கேளு. இந்தியாவுல ஒரு கெழவன் கேக்கச் சொன்னான்னு சொல்லு. அந்தாளு சிரிச்சான்னா நல்ல ஆளு.

கேக்கறதுக்கு உனக்கு மொதல்ல தெரியணுமே. இந்தா, இது அறுந்த இழ. அதோ நுனி. தெரியல? கண்ணாடி வேணுமா? கிட்ட வந்து பாரு. சாம்பல் அந்தக் கொட்டாங்குச்சியில கீது, தொட்டுக்கோ. ரெண்டையும் சேத்து வெய்யி, உள்பக்கமா திரி. அய்ய, அவ்ளோ அழுத்தாதடா, பல்லு வெளக்கறியா? திரும்ப. உம். திரும்ப. வெரலு நடுங்குது பாரு, போன்ல அவ்ளோ வேகமா ஓடற வெரலு.

பஸ்ஸு போனா போவட்டும், ராத்திரிக்கிக் களி கீது. அந்தச் சட்டைய கழட்டி மாட்டிட்டு வா, சாம்பல் ஒட்டிக்கும்.